கரண்ட் பில் குறையும் என்று சொன்னாலும் பண்ணைக்காரர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

சில்லர் செந்தில் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சில்லரும் (தண்ணீரைக் குளிர வைக்கிற இயந்திரம்) பம்ப்பும் பழுது பார்க்கிறவன். பதினான்கு வருடமாகக் கடைத்தொகுதி, பள்ளிக்கூடம், தொழிற்கூடம் என்று மொட்டைமாடிகளிலேயே காலம் ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் கம்பெனி இங்கே சிங்கப்பூரில், லிம் சூ காங்கில் ஒரு கீரைப் பண்ணையின் பராமரிப்பை எடுத்தது. அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் எனக்கு அங்கேதான். இதற்கு நடுவில், நாற்பது வயதில் புத்தி கெட்டுப்போய் மாலைநேரப் படிப்பு ஒன்றிலும் சேர்ந்துவிட்டேன். இந்தப் பருவத்தில் ஆசிரியர் என் தலையில் கட்டிய தலைப்பு: குளிர்நாடுகளில் பசுமைக்குடிலைச் சூடாக்கும் விவசாயிகள் எரிசக்திச் சிக்கனத்தையும் மாற்று எரிபொருளையும் எப்படிப் பார்க்கிறார்கள்? முதலில் சிரிப்புத்தான் வந்தது. நம்ம ஊரில் குடிலுக்குள் பத்து நிமிடம் நின்றால் சட்டையைப் பிழிந்து வாளியை நிரப்பலாம். இதில் சூடு வேறு ஏற்றுவார்களா?

ஆனால் பண்ணையில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு அந்தத் தலைப்பு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை.

நான் போகிற பண்ணையில் மேலே பிளாஸ்டிக் கூரை, பக்கத்தில் பூச்சிவலை. உள்ளே குழாய் குழாயாக லெட்யூஸ். மண் கிடையாது, வேரைத் தொட்டுக்கொண்டு ஊட்டக் கரைசல் ஓடும். கரைசல் மட்டும் 22 டிகிரி. இலைக்கு நம்ம வெயில், வேருக்கு மட்டும் குளிர். குடில் முழுவதையும் குளிர வைத்தால் கட்டுப்படியாகாது, வேரை மட்டும் குளிர வைத்தால் குளிர்நாட்டுக் கீரை இங்கேயும் வரும் என்பதை 1990களிலேயே இங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கோங் செய்து காட்டினார். அவர் வேரில் தண்ணீரைப் பனிபோலத் தெளித்தார், எங்கள் பண்ணையில் ஓட விடுகிறோம். குளிர வைக்கிற யோசனை ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால் இரண்டு பெரிய பம்ப்பும் இரவு பகல் என்று பார்க்காமல் முழு வேகத்தில் ஓடுகின்றன. சில்லரிலிருந்து வரும் குழாயைச் சுற்றி இருந்த கறுப்பு நுரைப் போர்வையை மைனாக்கள் கொத்திக் கொத்திக் கூட்டுக்கு எடுத்துப் போய்விட்டன. பிய்ந்த இடமெல்லாம் குழாய் வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் பாசி பிடித்துக் கிடக்கிறது. அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் பில்லில் ஏறுகிறது. தொட்டியோ நல்ல வெயிலில்.

இரண்டு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பம்ப்புக்கு இன்வெர்ட்டர் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி), குழாய்க்குப் புதுப் போர்வை, தொட்டிக்கு நிழல். எல்லாம் சேர்த்து 18,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பம்ப்பின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும் (தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வேகத்தின் மும்மடிக் கணக்கு: 0.8 × 0.8 × 0.8). மாதம் 1,100 வெள்ளி மிச்சம். பதினேழு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அழகாக இரண்டு பக்கத்தில் எழுதி தவுக்கேயிடம் (பண்ணை முதலாளியிடம்) கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாகப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "இது நல்லா இருக்கு. என் கீரை செத்தா நீ காசு தருவியா?"

அவ்வளவுதான். பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் அதன் பின்பக்கத்தில் விதை ஆர்டர் எழுதியிருக்கிறார்.

இப்போது படிப்புக்காகக் குளிர்நாட்டு விவசாயிகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். அங்கேயும் இதே கதைதான். வெப்பத் திரை போட்டால் எரிபொருள் நன்றாகக் குறையும் என்று தெரியும், போடமாட்டார்கள். மரத்துண்டு மலிவு என்று தெரியும், எண்ணெயை விடமாட்டார்கள். பிடிவாதமா, கஞ்சத்தனமா, படிப்பு பற்றவில்லையா? இல்லை, எனக்குத்தான் ஏதோ பிடிபடவில்லையா? குளிர்நாட்டுக் குடிலை நேரில் பார்த்தவர்கள், இங்கே பண்ணையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கோப்பி ஓ கோசோங் எழுதியது:

இதில் என்ன ஆராய்ச்சி தம்பி? காசு. அரசாங்கம் பாதி போட்டால் உங்கள் தவுக்கே நாளைக்கே கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் போடமாட்டார். ஐஸ்லாந்தில் ஹ்வேராகெர்தி என்று ஒரு ஊர், பூமிக்கடியிலிருந்து வருகிற வெந்நீரில் குடிலைச் சூடாக்குகிறார்கள். அங்கே போய் மனப்பான்மை ஆராய்ச்சி செய்தால் எல்லா விவசாயியும் மாற்று எரிசக்தி பக்தராகத் தெரிவார். பூமி சும்மா கொடுக்கிறது, எடுத்துக்கொள்கிறார். நமக்கும் செம்பவாங்கில் 70 டிகிரி வெந்நீர் ஊற்று இருக்கிறது, முட்டை அவிக்கிறோம்.

இன்னொன்று. இங்கே 2019இல் "2030க்குள் நம் சத்துணவுத் தேவையில் 30 விழுக்காடு இங்கேயே விளையும்" என்று முழங்கினார்கள். அதை நம்பி எத்தனை பேர் விளக்கும் ஏர்கானும் போட்டு மாடி மாடியாகக் கீரை வளர்த்தார்கள், எத்தனை பேர் மூடினார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2025இல் அந்த இலக்கே 2035க்கு என்று வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது. விவசாயி ஏன் தயங்குகிறான் என்று கேட்கிறீர்கள். தயங்காதவன் கடையை மூடிவிட்டான்.

---

செங்காங் ரவி எழுதியது:

செந்தில், குளிர்நாட்டுக் குடிலுக்குள் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். விவசாயி இல்லை, விருந்தாளி. என் மனைவியின் அண்ணன் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து ஹாலந்துக்குப் போனவர். வெஸ்ட்லாந்து பகுதியில் ஒரு குடைமிளகாய்க் குடிலில் இருபது வருடத்துக்கு மேல் வேலை, இப்போது அங்கே மேற்பார்வையாளர். கண்ணுக்கு எட்டிய தூரம் கண்ணாடிதான். விமானம் இறங்கும்போது வயலில் ஏரி நிரம்பிக் கிடக்கிறது என்று நினைத்தேன்.

முதலில் போனது 2022 டிசம்பர். மச்சான் என்னைக் கூட்டிப் போய்க் காட்டியது ஒரு காலிக் குடில். ஹெக்டேர் கணக்கில் தரை முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு செடி கிடையாது. உள்ளே எங்கள் பேச்சு எதிரொலித்தது. அந்த மாதம் கன்று நட்டிருக்க வேண்டும், முதலாளி தள்ளிப்போட்டுவிட்டார். காரணம் எரிவாயு விலை. 2021 தொடக்கத்தில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணி அளவு வாயுவுக்கு 20 யூரோ பக்கம் இருந்தது, 2022 ஆகஸ்டில் 300ஐத் தாண்டியது. நம்ம கரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாயுதான் என்பதால் அதே வருடம் நம்ம பில்லிலும் சூடு தெரிந்தது, ஞாபகம் இருக்கும். அடுத்த பிப்ரவரியில் பிரிட்டன் பேரங்காடிகளில் ஆளுக்கு இத்தனை தக்காளிதான் என்று அளந்து கொடுத்தார்கள். ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் குளிர் அடித்தது ஒரு காரணம், வடக்கே குடில்கள் இப்படிக் காலியாகக் கிடந்தது இன்னொன்று.

நானும் உங்களை மாதிரிதான் கேட்டேன். "இவ்வளவு கஷ்டப்படுகிறவர் வாயுவை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" மச்சான் என்னை எஞ்சின் அறைக்குக் கூட்டிப் போனார். லாரி அளவுக்கு ஒரு வாயு எஞ்சின். அது ஓடினால் கரண்ட் வரும், மின்வலைக்கு விற்பார்கள். எஞ்சினின் சூட்டைத் தண்ணீரில் பிடித்து, பக்கத்தில் இருக்கிற பெரிய தொட்டியில் சேர்த்து, ராத்திரி குழாயில் விடுவார்கள். புகையைச் சுத்தம் பண்ணி, அதில் இருக்கிற கரியமில வாயுவைச் செடிக்கு ஊதுவார்கள். வெளிக்காற்றில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தால் காய் கூடும். ஆக, ஒரு அடுப்பில் மூன்று சமையல். "சூட்டுக்கு மாற்று சொல்றவை நிறையப் பேர் வருகினம், மற்ற ரெண்டுக்கும் யார் பதில் சொல்லினம்?" என்றார்.

2007இல் பிளைஸ்விக் என்ற ஊரில் ஒரு தக்காளிக்காரர் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, சுமார் 60 டிகிரி வெந்நீரை மேலே கொண்டுவந்து குடிலைச் சூடாக்கிக் காட்டினார். ஹாலந்தில் அதுதான் முதல். அதற்குப் பிறகு பலர் கூட்டாகச் சேர்ந்து துளைத்திருக்கிறார்கள். தனி ஒருவரால் தாங்குகிற செலவு இல்லை. ஆனால் அந்த வெந்நீரோடு கரியமில வாயு வராது. அதைத் தனியாக வாங்க வேண்டும். ரோட்டர்டாம் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியாகக் குடில்களுக்கு அந்த வாயு வருகிறது. அந்தக் குழாய் யார் வாசல் வழியாகப் போகிறதோ அவருக்கு ஒரு மனப்பான்மை, போகாதவருக்கு வேறு மனப்பான்மை. உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாம் தடவை 2024 மார்ச். குடில் நிறையச் செடி. வரிசைக்கு நடுவே தரையோடு தரையாக இரண்டு வெந்நீர்க் குழாய் ஓடும். அதுவே தண்டவாளம், பறிக்கிற வண்டி அதன் மேல்தான் உருளும். நான் குளிருக்குக் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தேன், ஐந்து நிமிடத்தில் உள்ளங்கால் சுட்டது. வெளியே நல்ல இளவெயில். "இப்ப எதுக்கு இவ்வளவு சூடு?" என்று கேட்டேன். மச்சான் சிரித்தார்.

அந்தக் குழாய் எப்போதும் 40 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது பெரிய முதலாளி காலத்து வழக்கமாம். சூடு தேவையோ இல்லையோ, குழாய் வெதுவெதுப்பாக இருந்தால்தான் செடி "முழிச்சிருக்கும்", ஈரம் படியாது, சாம்பல் பூஞ்சை வராது என்று நம்பிக்கை. ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனையோ வருடமாக இது பெரும்பாலும் வீண் செலவு என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி கேட்கவில்லை. பக்கத்துக் குடில்காரர் ஒரு பருவம் முழுக்க அந்தக் குறைந்தபட்சச் சூட்டை நிறுத்திப் பார்த்தார். இவர் வாராவாரம் அங்கே போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வருடம் இவரும் நிறுத்தினார், அதுவும் பாதிக் குடிலில் மட்டும். நான் காலைச் சுட்டுக்கொண்டது மற்றப் பாதியில்!

வெப்பத் திரையும் அப்படித்தான். மாலை ஆனதும் கூரைக்குக் கீழே துணி மாதிரி ஒன்று இழுத்து மூடிக்கொள்ளும். சூடு தங்கும். ஆனால் செடி மூச்சுவிடுகிற ஈரமும் சேர்ந்து தங்கும். ஈரம் போகட்டும் என்று நடுவில் கை அகலத்துக்குத் திறந்து வைப்பார்கள். அந்த இடுக்கு வழியாகக் குளிர்காற்று கீழே கொட்டும். நேர் கீழே இருக்கிற செடி மட்டும் சோர்ந்து நிற்பதை மச்சான் காட்டினார், கோடு கிழித்த மாதிரி இருந்தது. இதைப் பார்த்தவருக்குத் திரை என்றாலே பயம். பிற்பாடு, வெளிக்காற்றை இழுத்து லேசாகச் சூடாக்கி உள்ளே பரப்புகிற விசிறி வந்தது. அதற்கப்புறம்தான் இடுக்கு விடாமல் திரையை மூடுகிற தைரியம் வந்திருக்கிறது. இரண்டு திரைகூடப் போடுகிறார்கள். சூட்டைச் சேமிக்கிற சாமான் முதலில் வந்துவிட்டது, ஈரத்துக்குப் பதில் பின்னால் வந்தது. நடுவில் தயங்கினவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதிவைத்தால் எப்படி?

முதலாளிக்கு 61 வயது. மகள் வக்கீல், மகனுக்கு இதில் இஷ்டமில்லை. பூமிவெப்பத் திட்டத்தில் சேரச் சொல்லிக் கேட்டபோது, "பத்து வருடத்தில் காசு திரும்பும் என்கிறார்கள். அந்தப் பத்து வருடத்தில் நான் எங்கே இருப்பேன்?" என்றாராம்.

---

சில்லர் செந்தில் எழுதியது:

ரவி அண்ணே, அந்தக் குறைந்தபட்சக் குழாய்ச் சூடு விஷயத்தை நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாகப் பார்க்கவில்லை. எங்கள் தவுக்கேயும் "தண்ணி சத்தம் கேட்டாத்தான் செடி நல்லா இருக்கும்" என்பார். சரி, மரம் எரிக்கிற விஷயம் யாருக்காவது தெரியுமா? கனடாவில் சில குடில்காரர்கள் மரத்துண்டுக்கு மாறினார்கள் என்று படித்தேன். மலிவு என்றால் எல்லாரும் ஏன் மாறவில்லை?

---

புக்கிட் பாத்தோக் மீனா எழுதியது:

செந்தில், மரம் எரித்துக் குடிலை நடத்துவதைப் பார்க்கக் கனடா போக வேண்டாம், மரினா பே வரைக்கும் போனால் போதும். கரையோரப் பூந்தோட்டத்தில் 2012இல் திறந்த இரண்டு பெரிய கண்ணாடிக்கூடங்கள் இருக்கின்றன அல்லவா? தீவு முழுக்கச் சாலையோர மரங்களில் வெட்டுகிற கிளைகள் அங்கே போய் பாய்லரில் எரிகின்றன. வருகிற நீராவியில் கரண்ட் எடுக்கிறார்கள், மிச்சச் சூட்டை வைத்துக் குளிர்நீர் தயாரிக்கிறார்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற உப்புக் கரைசலைக் காய வைப்பதற்கும் அந்தச் சூடுதான். நெருப்பை மூட்டிக் குளிர வைக்கிறார்கள்! உள்ளே 23, 24 டிகிரியில் ஒலிவ மரம் நிற்கிறது.

நான் வேலை பார்ப்பது மரம் வெட்டுகிற குத்தகைக்காரரிடம், கணக்குப்பிரிவு. அதனால் எனக்குத் தெரிந்தது விறகின் கதைதான். பச்சையாக வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். டிசம்பர் மழையில் குவித்து வைத்தால் கேட்கவே வேண்டாம். அதை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். நன்றாக உலர்ந்த மரக்குச்சி உருண்டை (மரத்தூளை அழுத்திச் செய்வது) என்றாலும் ஒரு லிட்டர் டீசல் தருகிற சூட்டுக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். கிலோ விலையைப் பார்த்து "அட, மலிவு" என்று கிளம்புகிறவர்கள் அதை வைக்கிற கொட்டகை, ஏற்றி இறக்குகிற ஆள், சாம்பல் வாருகிற ஆள், இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் முதலாளி ஒரு தடவை துண்டு போடுகிற இயந்திரம் வாங்கினார். ஒரு கிளைக்குள் ஆணி இருந்தது. பிளேடு போன செலவை நான்தான் பதிந்தேன், அதனால் மறக்கவில்லை.

பாய்லர்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது: விறகு பாய்லர் யானை மாதிரி. கிளம்ப நேரமாகும், கிளம்பினால் நிற்கவும் நேரமாகும். ராத்திரி திடீரென்று குளிர் இறங்கினால் வாயு பாய்லரைத் திருகினால் போதும், விறகு பாய்லருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால் விறகுக்கு மாறுகிறவர்களும் பழைய வாயு பாய்லரைக் கழற்றி எறிவதில்லை, துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பாய்லரின் பராமரிப்பும் அவர் தலையில். பூந்தோட்டத்துக்கு வாசலில் டிக்கெட் வருமானம் இருக்கிறது. தக்காளிக்காரருக்குத் தக்காளி மட்டும்தானே.

---

பாத்தி முருகன் எழுதியது:

செந்தில் தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேலாக இங்கே பண்ணை வேலையில் இருக்கிறேன். முதலில் ஆர்க்கிட், அப்புறம் கீரை. உங்கள் தவுக்கே யாரென்று தெரியாது, ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருடத்துக்கு முன்பு எங்கள் பண்ணைக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். பம்ப் எதற்கு எந்நேரமும் ஓட வேண்டும், கால்மணி நேரம் ஓடட்டும், கால்மணி நேரம் நிற்கட்டும், வேர் ஈரத்திலேயே இருக்கும் என்று ஒரு டைமர் பெட்டியை மாட்டினார். உண்மையிலேயே பில் குறைந்தது. மாதம் முந்நூறு வெள்ளிபோல. முதலாளிக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான்.

நாலாம் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மழை பெய்யாமல் வெறும் இடி. ஒரு நொடி கரண்ட் போய் வந்தது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, எல்லாம் சரி என்று நான் சாப்பிடப் போனேன். பெட்டி மட்டும் விழித்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது மணி மூன்றரை. குடிலுக்குள் நுழைந்ததும் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது: தண்ணீர்ச் சத்தம் இல்லை. நாலாயிரம் செடி. கொடியில் காயப்போட்ட துணி மாதிரி குழாய் விளிம்பில் தொங்கிக் கிடந்தது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி விரலில் ஒட்டியது. மண்ணில் வளர்த்தால் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும். இதில் வெயில் நேரத்தில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

திங்கட்கிழமை பேரங்காடிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு அது. அனுப்பவில்லை. ஒரு தடவை தட்டு காலியானால் அந்த இடத்தில் மலேசியக் கீரை உட்கார்ந்துவிடும், திரும்ப இடம் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. பெட்டி விற்றவர் வந்து பார்த்துவிட்டு, "சாதனத்தில் பழுதில்லை, கரண்ட் போனதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் போட்ட கணக்கில் அந்த ஒரு மத்தியானம் நாலு மாத மிச்சத்தையும் தின்று, இன்னும் ஒரு வருட மிச்சத்தையும் தின்றது. முதலாளி என்னைத் திட்டவில்லை. பெட்டியைக் கழற்றி ஸ்டோரில் வைத்துவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ரவி சார் சொன்ன ஹாலந்துக்காரருக்கு ஒரு பனி ராத்திரி, எங்களுக்கு ஒரு வெயில் மத்தியானம். நீங்கள் போட்ட பதினேழு மாதக் கணக்கில் அந்த மத்தியானத்துக்கு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை அது பாதிக் கணக்கு.

நிலமும் இருக்கிறது. இங்கே யாருக்கும் நிலம் சொந்தமில்லை, குத்தகை. 2014இல் லிம் சூ காங்கில் அறுபதுக்கும் மேற்பட்ட பண்ணைகளிடம் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தவணை நீட்டினார்கள். நாளைக்கு இருப்போமா மாட்டோமா என்று இருந்த அந்த வருடங்களில் எங்கள் முதலாளி ஒரு குழாய்கூட மாற்றவில்லை. ஒழுகுகிற இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றினார். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது கஞ்சத்தனம். உங்கள் தவுக்கேக்குக் குத்தகை எத்தனை வருடம் மிச்சம் என்று கேட்டீர்களா?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 18,000 வெள்ளிப் பேப்பரைக் கொண்டு போகமாட்டேன். ஒரு பம்ப். அதுவும் சின்னப் பகுதிக்கு ஓடுகிற பம்ப். இன்வெர்ட்டரை மாட்டி, அதைத் தாண்டி நேராகப் பழைய வேகத்துக்குப் போகிற சுவிட்ச் ஒன்றையும் பக்கத்திலேயே வைத்து, அதை அவரே தன் கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாகக் கிளம்புகிறதா என்பதை அவர் கண் முன்னால் மெயினை இறக்கிக் காட்டுங்கள். ஒரு சனிக்கிழமை அங்கேயே இருங்கள். அப்புறம் அவர் பேசுவார்.

---

சில்லர் செந்தில் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பரீட்சை, நடுவில் பையனுக்குக் காய்ச்சல்.

முருகன் அண்ணே, குத்தகையைப் பற்றிக் கேட்டேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏழு வருடம் மிச்சமாம். "ரெண்டு வருஷமா வந்து போறே, இன்னிக்குத்தான் இதைக் கேக்குறே" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் அவராகவே பேசினார். 2022இல் பில் ஏறியபோது விசிறிகளில் பாதியை நிறுத்திப் பார்த்தாராம், இலை ஓரமெல்லாம் கருகிப் போனதாம். ஏற்கெனவே கை சுட்டவர். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நான் கேட்கவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரி இரண்டாம் பம்ப்பில் மட்டும் மாட்டினோம். இன்வெர்ட்டர் எங்கள் ஸ்டோரில் கிடந்த பழையது, கம்பெனியில் கெஞ்சி வாங்கினேன். பக்கத்தில் சிவப்பு சுவிட்ச். மெயினை இறக்கி ஏற்றிக் காட்டினேன், தானாகக் கிளம்பியது. அவர் நம்பாமல் தானே நாலு தடவை இறக்கி ஏற்றினார். மோட்டார் என்ன ஆகுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதல் வாரம் வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தேன். இரண்டாம் வாரம் இருபது. அதில்தான் சிக்கல் வந்தது. தொட்டிப் பக்கத்துச் செடியெல்லாம் ஜோராக இருக்க, வரிசையின் கடைசியில் இருந்தவை மத்தியானத்தில் தலை குனிந்தன. தவுக்கே ஒவ்வொரு செடியாகத் தூக்கி வேரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார், கடைசி எட்டு அடியில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, சிவப்பு சுவிட்சை நோக்கி நடந்தார். நான் தடுக்கவில்லை. மூன்றாம் வாரம் அவரே வந்து, "நடுவுல வை" என்றார். பதினைந்தில் வைத்தேன். நிற்கிறது.

மிச்சம் நான் போட்ட கணக்கு அளவுக்கு வரவில்லை. தண்ணீரைக் கீழ்த்தொட்டியிலிருந்து மேல் அடுக்குக்குத் தூக்கியாக வேண்டும், அந்த உயரம் வேகத்தைக் குறைத்தாலும் குறையாது. மும்மடிக் கணக்கு காகிதத்தில் சொன்னதைவிட மீட்டரில் குறைவுதான். அந்த ஒரு பம்ப்பில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் குறைந்திருக்கிறது. முதல் பம்ப்புக்கு எப்போது என்று நான் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து சிவப்பு சுவிட்சைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தவுக்கே அவருக்கு ஹொக்கியன் சீனத்தில் ஏதோ நீளமாக விளக்கினார், நடுநடுவே என்னைக் கை காட்டினார். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

ரவி அண்ணே, உங்கள் மச்சானிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: மற்றப் பாதிக் குடிலிலும் குழாய்ச் சூட்டை நிறுத்திவிட்டார்களா? கட்டுரையில் சேர்க்க வேண்டும், ஆசிரியர் பதினைந்தாம் தேதி கேட்கிறார்.

முருகன் அண்ணே, மைனாவுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? புது நுரைப் போர்வைக்கு மேலே அலுமினியத் தாள் சுற்றினேன். இரண்டு நாள் பயந்து பார்த்தது. இப்போது அந்தத் தாளையும் கிழித்துக்கொண்டு போகிறது.